முழங்காலில் இருந்த மிச்சம்

செயற்கைக் கால்களுக்கு வியாழக்கிழமைதோறும் புது மென்பொருள் போகும். கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் 'நடைவளம்' நிறுவனத்தின் நான்காம் மாடியில் இருந்த ஓர் இயந்திரம் அதைத் தானே கட்டி, தானே சோதித்து, பேக்கேஜ் என்ற ஒரே மூட்டையாக்கி, மேற்கு மாவட்டங்களில் நடமாடும் பதினோராயிரம் கால்களுக்கும் அனுப்பிவிடும். சந்தையில் காய் பொறுக்கிக்கொண்டிருப்பவரின் கால் ஒரு நொடி அதிரும். அவ்வளவுதான். அவர் அடுத்த கடைக்கு நடந்துவிடுவார்.

அந்த இயந்திரத்துக்கு ஒரு நல்ல பழக்கம் இருந்தது. பிறர் வைத்ததன் மேல் தன்னுடையதை வைக்காது. ஒரு கோப்பைப் போடும் முன் அந்த இடத்தைப் பார்க்கும். காலியாக இருந்தால் போடும். தான் முன்பு போட்ட பழைய கோப்பு இருந்தால் மாற்றும். எந்தப் பேக்கேஜும் உரிமை கொண்டாடாத கோப்பு ஒன்று அங்கே இருந்துவிட்டால் மட்டும் நின்றுவிடும். இந்த இடத்தில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, இது யாருடையதும் அல்ல, என்ன செய்யட்டும் என்று மனிதர்களைக் கேட்கும்.

அலுவலகத்தில் அப்படிப்பட்ட கோப்புக்கு 'மிச்சம்' என்று பெயர். பதில் சொல்வது குமுதவல்லியின் வேலை. ஒன்பது வருடமாக அந்த மேசையில் இருந்தாள். மிச்சங்கள் பெரும்பாலும் குப்பை. யாரோ சோதனைக்கு எழுதி அழிக்க மறந்தவை, பாதியில் நின்றுபோனவை. அவள் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: அதை அழித்து மேலே எழுது.

அந்த வியாழக்கிழமை மதியம் நாற்பத்து மூன்று கால்கள் ஒரே இடத்தில் நின்றிருந்தன. புதிய மென்பொருள் முழங்கால் எவ்வளவு மடங்கலாம் என்பதை ஒரு தனிக் கோப்பில் வைத்திருந்தது. நூற்றுப் பதினைந்து பாகை, அதற்கு மேல் கூடாது. அதே பெயரில், அதே இடத்தில், நாற்பத்து மூன்று கால்களில் யாரோ முன்பே ஒரு கோப்பை வைத்திருந்தார்கள். சனிக்கிழமை மாலை ஆறு மணி வரை கெடு. பழைய மென்பொருளில் ஓர் ஆபத்தான ஓட்டை இருந்ததால் அதற்குப் பிறகு அது ஓடாது. புதியதை வாங்காத கால் விறைத்து நின்றுவிடும். ஆறு மணிக்குள் மனிதர் யாரும் பதில் சொல்லாவிட்டால், கால் விறைக்காமல் இருக்க, இயந்திரம் தானே மேலே எழுதிவிடும்.

சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்தபடியே குமுதவல்லி ஒரு கோப்பைப் பார்த்தாள். எண்கள் நிறைய இருந்தன. எண்களுக்கு மேலே தமிழில் ஒரு குறிப்பு இருந்தது.

'சாயப்பட்டறை வேலை. குத்தவைத்து உட்காரணும். ஒரு மணி நேரம் தாங்கணும்.'

அடுத்ததைத் திறந்தாள். 'மாடு கறப்பவர். உட்காரும்போது இடது பக்கம் சாய்வார்.' இன்னொன்றில், 'மகள் கல்யாணப் பந்தியில் சம்மணம் போட்டு உட்காரணும் என்றார். ஆவணிக்குள்.' மற்றொன்றில் சுருக்கமாக, 'முழங்காலிட. குதிகால் மேல் உட்கார.' ஒவ்வொன்றிலும் அவரவர் எடை எழுதப்பட்டிருந்தது. எதிலும் பெயர் இல்லை. எல்லாவற்றிலும் முழங்கால் நூற்று நாற்பதுக்கு மேல் மடங்கியது.

யார் எழுதியிருப்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. வீடு வீடாகப் போய்க் கால் பொருத்திக்கொண்டிருந்த இருதயராஜ். முறைப்படி ஒரு மாற்றத்தைப் பேக்கேஜாக்கி அனுமதி வாங்க மூன்று வாரம் ஆகும் என்பதால் கையோடு எழுதிக் காலுக்குள் வைத்துவிட்டு வந்துவிடுவார் என்று பேச்சு உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

பிரிவின் மேலாளர் திருவேங்கடத்திடம் போய்ச் சொன்னாள். அவர் கடுமையான மனிதர் இல்லை. பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார்.

"ஆளில்லாத ஃபைலுங்க குமுதா அது. எழுதி முடிச்சுட்டுப் போய்ச் சாப்பிடுங்க."

"ஆள் இருக்காங்க சார். நாப்பத்து மூணு பேர்."

"கால் போட்டிருக்கற ஆளச் சொல்லல. நாளைக்கு ஒருத்தர் விழுந்தா அங்க போய் நிக்கற ஆளச் சொல்றேன்."

உடுமலையில் ஒருவர் கோயில் படியில் விழுந்து இடுப்பு முறிந்ததை அவர் நினைவுபடுத்தினார். இருதயராஜின் கோப்பு இருந்த கால் அது. மன்னிப்புக் கடிதம் எழுதியது திருவேங்கடம்தான். பழங்கள் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்த மனிதரின் மனைவி அறைக் கதவைத் திறக்கவே இல்லையாம். அதைச் சொல்லும்போது அவர் மேசையைப் பார்த்தே பேசினார்.

யாராவது பெயர் போட்டால் கோப்பு மிச்சமாக இருக்காது என்று குமுதவல்லி சொன்னாள். ஒருவர் உரிமையாளராகவும் இன்னொருவர் சரிபார்த்தவராகவும் பெயர் பதிந்தால் நாற்பத்து மூன்றையும் முறையான பேக்கேஜாக்கலாம். அதன் பிறகு இயந்திரம் அவற்றைத் தொடாது.

"நான் பேர் போடறேன் சார்."

"பேர் போட ஒரு நிமிசம் போதும். அப்பறம் வருசா வருசம் அத்தன பேரையும் போய்ப் பாக்கோணும். எடை ஏறுச்சா, எறங்குச்சா, காலு தேஞ்சுதான்னு. பாப்பீங்களா?"

பார்ப்பதாகச் சொன்னாள். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய வேலை என்று உறைத்தது. இரண்டாவது பெயருக்குத் தன்னிடம் வர வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை முழுவதும் போனில் கழிந்தது. கோப்பில் இருக்கும் எடையும் ஆளின் எடையும் ஐந்து கிலோவுக்குள் ஒத்துப்போனால் பயமில்லை என்பது அவள் கணக்கு. கால் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு உங்கள் எடை என்ன என்று கேட்டால் யார்தான் நம்புவார்கள்? திருப்பூர் சாயப்பட்டறைக்காரர், இளைக்கிற பவுடர் என்றால் வேண்டாம், ஏற்கெனவே வாங்கிய இரண்டு டப்பா வீட்டில் எறும்பு தின்கிறது என்று போனை வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டு விளக்க வேண்டியிருந்தது. அன்னூர்க்காரர் ஒருவர் ரேஷன் கடைத் தராசில் ஏறி நின்று, கடைக்காரரையே போனில் எடையைச் சொல்ல வைத்தார். பந்திக்காகக் கேட்டவர் மகளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்த கதையைச் சொல்லிவிட்டுத்தான் எடையைச் சொன்னார். மாலைக்குள் நாற்பத்திரண்டு எண்கள் ஒத்துப்போயின.

ஒன்று மட்டும் ஒத்துப்போகவில்லை. 'முழங்காலிட' என்று எழுதியிருந்த கோப்பு. அதில் எடை எழுபத்தொன்று. கரும்புக்கடை என்ற பகுதியில் இருந்த அந்தக் காலின் சொந்தக்காரர் மைமூன், தன் எடை ஐம்பத்து நாலு என்றார். எதற்குக் கேட்கிறீர்கள் என்று பயந்த குரலில் கேட்டார். காலில் இருக்கும் ஒரு கோப்பைப் பற்றி என்று குமுதவல்லி சொன்னதும் இணைப்பு துண்டிக்கப்பட்டது. மறுபடி எடுக்கவில்லை.

பதினேழு கிலோ ஒருவருக்குச் சும்மா குறையாது. ஏதோ பெரிய நோய் என்று நினைத்துக்கொண்டே சனிக்கிழமை காலை குமுதவல்லி பஸ் ஏறினாள்.

சின்ன வீடு. முன்னறையில் தையல் இயந்திரமும், பள்ளிச் சீருடைக்காக வெட்டி அடுக்கிய கட்டம் போட்ட துணியும் இருந்தன. மைமூனுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். முன்பல் ஒன்று ஓரத்தில் உடைந்திருந்தது. யார் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். உடம்புக்கு என்ன என்று குமுதவல்லி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"எனக்கென்னம்மா? நான் எப்பவும் இப்படித்தான். கல்யாணத்தன்னைக்கே சேலைய ரெண்டு சுத்து கூடச் சுத்தி நிக்க வெச்சாங்க."

"அப்ப கால் பொருத்தறப்ப எடை எடுத்தாங்களேங்க, எழுபத்தொண்ணுன்னு?"

"யாரும் எதுவும் எடுக்கலீங்க. டிரஸ்டுல குடுத்த காலு. இன்னொருத்தர் போட்டிருந்தது, நல்லாத் தொடச்சிருக்கோம்னு சொன்னாங்க."

குமுதவல்லிக்குப் புரிந்துவிட்டது. பழைய காலை அடுத்தவருக்குக் கொடுக்கும் முன் மென்பொருளை நீக்குவார்கள். அது தான் போட்ட கோப்புகளை மட்டும்தான் எடுத்துக்கொண்டு போகும். போடாததைத் தொடாது. வேறொரு உடம்புக்காக எழுதியது உள்ளேயே தங்கிவிட்டது. நாற்பத்து மூன்று மிச்சங்களில் இது ஒன்றுதான் மிச்சத்திலும் மிச்சம்.

மைமூனுக்குப் புரியும்படி சொன்னாள்: "வாடகை வீட்டக் காலி பண்றவங்க அவங்க சாமானத்தான எடுத்துட்டுப் போவாங்க? செவுத்துல வேற யாரோ அடிச்ச ஆணிய அப்படியே விட்டுட்டுப் போயிருவாங்க இல்லீங்களா? அது மாதிரி."

மைமூன் துணியை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு தானாகவே சொல்லத் தொடங்கினார். பாலக்காட்டு ரோட்டில் லாரி மோதிக் கால் போனது ஐந்து வருடத்துக்கு முன். முதல் மூன்று வருடம் நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுதார். அல்லாஹ் அதையும் ஏற்றுக்கொள்வான், அதில் ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் நெற்றி தரையில் பட வேண்டும் என்ற ஆசை போகவில்லை. இந்தக் கால் வந்த மூன்றாம் நாள் ஊசி ஒன்று கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தபோது முழங்கால் தானாகவே முழுசாக மடங்கிக்கொண்டது. தரையில் உட்கார்ந்தவர் ஊசியைத் தேடவே மறந்துவிட்டார்.

"யார்கிட்டயும் சொல்லலீங்க. சொன்னா புடுங்கீருவாங்கன்னு பயம். இந்தக் கால் இப்படி மடங்கக் கூடாது, என்னமோ தப்பா நடந்திருக்குதுன்னு எனக்குத் தெரியும். சஜ்தாவுல நெத்தி வெக்கறப்ப அந்த நெனப்பு வரும். எனக்குன்னு குடுக்காதத எடுத்துக்கிட்டு அவன் முன்னாலயே குனியறேனேன்னு."

எழும்போது எப்படி இருக்கும் என்று குமுதவல்லி கேட்டாள்.

"யாரோ பின்னால நின்னு கக்கத்துல கை குடுத்துத் தூக்கறாப்பல இருக்குங்க. வேகமா தூக்கும். அதனால அதப் புடிச்சுக்குவேன்."

அவர் காட்டிய ஜன்னல் கம்பியில் ஒரு சாண் அளவுக்குப் பெயிண்ட் போயிருந்தது. எழுபத்தொரு கிலோவைத் தூக்க எழுதிய விசை ஐம்பத்து நாலு கிலோவைத் தூக்குகிறது. கம்பி கைக்கு எட்டாத நாளில் அது அவரை முகம் குப்புறத் தள்ளும். ஏற்கெனவே தள்ளியிருக்கிறது. உடைந்த பல்லைப் பற்றி குமுதவல்லி கேட்கவில்லை. மைமூன் தானே உதட்டால் அதை மூடிக்கொண்டார்.

எதையும் மறைக்காமல் இரண்டையும் சொன்னாள். கோப்பை அப்படியே விட்டால் என்றாவது ஒருநாள் பெரிதாக விழுவார். மேலே எழுதினால் நாளையிலிருந்து நாற்காலி.

"அப்ப அழிச்சிருங்கம்மா. அடுத்தவங்க பொருள்தான?"

அவர் அதை அமைதியாகச் சொன்னார். சொல்லிவிட்டுத் துணியை எடுத்துப் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்க உட்கார்ந்துவிட்டார். குமுதவல்லி தன் கையில் இருந்த போனில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஒன்பது வருடத்தில் பல்லாயிரம் தடவை அழுத்தியதுதான். இப்போது அவளால் முடியவில்லை.

வாசலுக்கு வந்து இருதயராஜின் எண்ணைத் தேடி எடுத்தாள். அவர் இப்போது லிஃப்ட் பழுது பார்க்கிறார். ஒரு துணிக்கடை லிஃப்ட்டின் மேல் நின்றுகொண்டிருந்தவர், கம்பெனி பெயரைக் கேட்டதும் வைக்கப் போனார். அவசரமாக அந்தக் குறிப்பை வாசித்தாள்.

"எடை எழுபத்தொண்ணா?"

"ஆமாங்க."

"வீடு எங்கன்னு சொல்லுங்க."

மூன்றரை மணிக்கு வந்தார். நாற்பது வயதுக்காரர், கையெல்லாம் கிரீஸ், தோளில் பழைய லேப்டாப் பை. செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தவர் மைமூனின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்த்தார்.

அது அவருடைய அம்மாவின் கால். அந்த அம்மா லூர்துமேரிக்குத் தினமும் செபமாலை சொல்ல முழங்காலிட வேண்டும். ஒரு மணி நேரத்தில் பாதி நேரம் குதிகால் மேல் உட்கார்ந்துகொள்வார். அதற்காக எழுதியதுதான் அந்தக் கோப்பு. அவர் எழுதிய முதல் கோப்பும் அதுதான். மற்ற நாற்பத்திரண்டும் அதைப் பார்த்து எழுதியவை. அம்மா இறந்த பிறகு காலைத் திருப்பிக் கொடுத்தார்.

"எல்லாம் தொடச்சாச்சுன்னு நான்தாங்க கையெழுத்துப் போட்டேன். தொடைக்கல."

"மறந்துட்டீங்களாங்க?" என்று குமுதவல்லி கேட்டாள்.

"மறக்கலீங்க. எங்கம்மா போட்டோவுல எல்லாம் உக்காந்துட்டுத்தான் இருக்காங்க. அவங்க நடை அது ஒண்ணுலதான் இருந்துச்சு. கால் எங்கயாவது குடோன்ல கெடக்கும்னு நெனச்சேன். இன்னொருத்தருக்குப் போகும்னு யோசிக்கவே இல்ல."

மைமூன் முழங்காலுக்கு மேலிருந்த பூட்டைக் கழற்றத் தொடங்கிவிட்டார். "உங்கம்மா காலு தம்பி. தெரியாம இத்தன நாளு போட்டுட்டேன். எடுத்துக்கங்க."

இருதயராஜ் சட்டென்று தரையில் உட்கார்ந்து அவர் கையைத் தடுத்தார். கால் யாருடையதாக இருந்தாலும் அதற்குள் எழுதியது தன்னுடையது என்றும், பல் உடைந்ததும் தன்னால்தான் என்றும் சொன்னார். உடுமலைக்காரர் விழுந்ததும் இப்படித்தான். நோயில் அவர் எடை குறைந்துவிட்டது. திரும்பிப் போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். போகவில்லை. வேலையை விட்டு அனுப்பியதில் தனக்கு வருத்தம் உண்டு, கோபம் இல்லை என்றார்.

பிறகு அவர் பேச்சு முழுக்க வேலையைப் பற்றியதாகிவிட்டது. பக்கத்துக் கோழிக்கடையிலிருந்து பெரிய தராசைக் கடன் வாங்கி வந்து துடைத்துப் போட்டார். ஐம்பத்து மூன்றே முக்கால். மைமூனை இறங்கி மறுபடி ஏறச் சொன்னார். அதே எண். ஒரு நாளைக்கு எத்தனை தடவை குனிந்து எழுவார், எந்தப் பக்கம் முதலில் ஊன்றுவார், நோன்பு மாதத்தில் இரவில் கூடுதலாக எத்தனை என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். தராவீஹ் தொழுகையின் எண்ணிக்கையைக் கேட்டதும் நிமிர்ந்து, மோட்டார் சூட்டைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்றார்.

லேப்டாப்பில் அந்தக் கோப்பு திறந்தது. நாற்பது எண்கள். ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும்படி குமுதவல்லி மெல்லச் சொன்னாள்.

"காப்பி எடுத்தா அது வெறும் நம்பருங்க. கால்ல இருந்தாத்தான் நடை."

முதல் எண்ணை மாற்ற அவருக்கு வெகுநேரம் ஆனது. அடுத்தடுத்து வேகமாக மாறின. ஒவ்வொன்றாக, மைமூனின் எடைக்கும் உயரத்துக்கும் ஊன்றும் பக்கத்துக்கும் ஏற்றபடி. முடிக்கும்போது ஐந்தே கால்.

குமுதவல்லி நாற்பத்து மூன்று கோப்புகளையும் ஒரே பேக்கேஜாகக் கட்டி உரிமையாளர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். இரண்டாவது இடம் காலியாக இருந்தது. திருவேங்கடத்தைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள், விசை மாறியதைச் சொன்னாள், எடை பார்த்ததைச் சொன்னாள்.

"அவன் அங்கதான் இருக்கானா?"

"இருக்காருங்க சார்."

தெருவில் ஒரு தள்ளுவண்டிக்காரர் வெங்காயத்தைக் கூவி முடித்து அடுத்த சந்துக்குள் திரும்பிய பிறகுதான் அவர் கேட்டார்.

"எடைய ரெண்டு தடவ பாத்தானான்னு கேளுங்க."

"ரெண்டு தடவ பாத்தாருங்க."

அவர் வைத்துவிட்டார். சற்றுப் பொறுத்துத் திரையில் இரண்டாவது பெயர் விழுந்தது. இயந்திரம் ஒவ்வொரு காலாகப் பார்த்தது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு கோப்பு இருந்தது, ஒவ்வொரு கோப்புக்கும் ஆள் இருந்தார். புதிய மென்பொருள் அவற்றைத் தொடாமல் சுற்றிலும் தன்னை அடுக்கிக்கொண்டது. ஐந்து முப்பத்தைந்துக்கு மைமூனின் கால் ஒரு நொடி அதிர்ந்தது.

அவர் இன்னும் மாலைத் தொழுகையான அஸர் தொழவில்லை. நேரம் முடிய அரை மணி இருந்தது. இதற்காகவே தள்ளிப்போட்டதாகச் சொல்லிக்கொண்டு கைகால் கழுவி ஒளுச் செய்யப் போனார். பாயை வழக்கமான இடத்தில் விரிக்காமல் ஜன்னலிலிருந்து நாலடி தள்ளி, கை எட்டாத தூரத்தில் விரித்தார்.

இருவரும் வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்து நின்றார்கள். இருதயராஜ் கண்ணை மூடியிருந்தார். உள்ளே மோட்டாரின் சின்ன ரீங்காரம் இறங்கி, நின்று, மறுபடி ஏறியது. அவர் உதடு அசைந்தது. எண்ணுகிறாரா, வேண்டுகிறாரா என்று குமுதவல்லிக்குத் தெரியவில்லை. எட்டு சஜ்தாவுக்கும் எட்டுத் தடவை அந்த ஒலி இறங்கி ஏறியது. எதுவும் விழும் சத்தம் கேட்கவில்லை.

மைமூன் வெளியே வந்தார். நெற்றியில் பாயின் தடம் பதிந்திருந்தது.

"எப்படிங்க இருந்துச்சு?" என்றார் இருதயராஜ்.

பொய் சொல்லத் தெரியாத மனுஷி. சற்று யோசித்தார்.

"முன்னால எந்திரிக்கறப்ப பின்னால ஒருத்தர் கை குடுப்பாங்க தம்பி. இப்ப அங்க யாரும் இல்லீங்க. நானாத்தான் எந்திரிச்சேன்."

இருதயராஜ் தலையை ஆட்டினார்.

"அப்படித்தாங்க இருக்கோணும்," என்றார். பிறகு தராசைத் தூக்கிக்கொண்டு கோழிக்கடைப் பக்கம் நடந்தார்.